கப்பல்ல லிஸ்ட் இருக்கு

தெரியாத சொல்லுக்குத் தலையாட்டுவதில்லை என்று ஒரு மனுஷி முடிவெடுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் படும் பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. நான் பட்டிருக்கிறேன். கண்டியில், மஹய்யாவயில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் தேங்காய் துருவினால் இந்தப் பக்கம் என் அலுமாரிக் கதவு ஆடும்.

"அப்புடின்னா?"

இதுதான் அவருடைய கேள்வி. கையில் கரண்டி இருந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். எதிரில் நிற்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வரும்வரை நகரவும் மாட்டார், நகரவும் விடமாட்டார். பேங்க்கில் 'நொமினி' என்றார்களா, அப்புடின்னா? கரண்ட் பில்லில் 'நிலையான கட்டணம்' என்று போட்டிருக்கிறதா, அப்புடின்னா? பில் கொண்டுவரும் தம்பி அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் படியில் ரெண்டு ரெண்டாகப் பாய்ந்து ஓடுவான். எங்கள் வரிசை வீட்டுப் பொடியன்கள் அவருக்கு 'அப்புடின்னா அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது காதில் விழுந்தாலும் அவருக்குக் கோபம் வராது.

எனக்குப் பொறுமை கம்மி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை. நாள் முழுக்க ஃபோட்டோ கொப்பி அடித்து, ஃபோன்களுக்கு ரீலோட் போட்டு, ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில் நிற்பார். ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"அக்கா, எல்லாச் சொல்லையும் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்னா ஜட்ஜாவா போகப் போறீங்க?"

"போறேன்னு சொன்னா நீ வேணாம்னா சொல்லப் போற? சரி, மொதல்ல இதச் சொல்லு..." என்று ஃபோனை நீட்டினார்.

டவுனில் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், கருவாட்டுப் பொரியல். அந்தக் கருவாட்டு வாசம் வரும் நாளில் நான் வேறு எதுவும் சமைக்கமாட்டேன். சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் தானாக வரும். திட்டினாலும் வரும். அதனால்தான் அவரிடம் நீண்ட நேரம் கோபமாக இருக்க யாராலும் முடியவில்லை.

இப்படிப்பட்ட மனுஷியின் ஒரே மகன் கப்பலுக்குப் போனான். என் தலையெழுத்து என்று வேறு எதைச் சொல்வது!

டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தவன். ஏஜென்சி மூலமாகச் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையற்காரருக்குக் கையாளாகப் போனான். அக்கா கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான். தலவிலத் திருவிழாவுக்குப் போனபோது காலை நனைத்துவிட்டு வந்ததோடு சரி. அவருக்குக் கப்பல் என்றால் என்ன தெரியும்? மகனோ கரைக்குக் கிட்டே வந்து சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் வொய்ஸ் அனுப்புவான். அவன் பேச்சில் ஒரு வாரத்துக்குள்ளேயே கப்பல் சொற்கள் புகுந்துவிட்டன. அவனுக்கே அது தெரியாது.

முதல் மாதத்திலேயே ஒரு கூத்து நடந்தது. அன்றைக்கு நேரடியாகவே கோல் எடுத்தான். "அம்மா, ஏங்கர் போட்டுட்டு வெளிய நிக்கிறோம்" என்றான்.

எங்கள் ஊரில் ஏங்கர் என்றால் பால்மா. எந்தக் கம்பெனி மாவாக இருந்தாலும் கடையில் கேட்பது ஏங்கர்தான். அக்கா உருகிப் போனார்.

"வெளியவா நிக்கிற? குளிருமேப்பா. இன்னொரு கரண்டி போட்டு நல்லா சூடாக் குடி. சீனிய மட்டும் கொறச்சுக்க."

அந்தப் பக்கம் அவன் சிரித்தானே ஒரு சிரிப்பு! பின்னால் நின்ற யாரோ பிலிப்பைன்காரனும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தான். கடைசியில் அவன்தான் விளக்கினான். ஏங்கர் என்றால் நங்கூரம். துறைமுகத்துக்குள்ளே இடம் கிடைக்கும்வரை கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்குமாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நெடுநேரம் கழித்துச் சொன்னார். "தெரியாத சொல்லு ஒண்ணும் பண்ணாது தங்கச்சி. அத நான் கேட்டுருவேன். தெரிஞ்ச சொல்லு மாதிரி வருது பாரு, அதுதான் கழுத்தறுக்கும்."

அன்றிலிருந்து கப்பல் சொல் வேட்டை ஆரம்பமானது. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கடை. கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கடலோரத்துப் பேருவளைக்காரர். இளவயதில் சில வருஷம் கப்பலில் கூலியாள் வேலை பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டார். கருவாடு வாங்கப் போகும் சாக்கில் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். பெர்த் என்றால் கப்பல் வந்து கட்டி நிற்கும் இடம். ட்ரிஃப்டிங் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் இழுக்கிற பக்கம் கப்பலை விட்டுவிடுவது. ("சும்மாவே வுட்டுருவாங்களா நானா? ஆள் இருக்குற கப்பலயா?") முன் பக்கம் அணியம், பின் பக்கம் பின்னணியம். அக்கா இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவார்.

இடது பக்கத்துக்குப் போர்ட், வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்ட் என்று தெரிந்த நாளில் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "போர்ட்டுன்னா தொறமொகம்னு நீதானே சொன்ன? அப்ப எடது பக்கத்துக்கு எதுக்கு அந்தப் பேரு? வலது பக்கமா தொறமொகம் வந்தா என்னா பண்ணுவாங்க?" எனக்கென்ன தெரியும்? கப்பலை நான்தான் கட்டினேனா? ஆனாலும் மறுநாளே அடுப்புக்கு இடது பக்கம் இருந்த தட்டு போர்ட் ஆகிவிட்டது. "தங்கச்சி, உப்புப் போத்தல் ஸ்டார்போர்ட்ல இருக்கு, எடு" என்பார். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர் முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கத்தியபோது, இவர் எனக்கு முன்னால் நின்ற ஆளின் முதுகைத் தட்டி, "அணியத்துக்குப் போங்கய்யா" என்றார். நான் இவரைத் தெரியாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கத்தில் நங்கூரத்தைப் பற்றிப் பேசிவிட்டார். பூசை முடிந்ததும் அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "சாமி, நங்கூரம் போட்டா கப்பல் அசையாம நிக்கும்னு சொன்னீங்க. எம் மகன் அத மையமா வச்சுச் சுத்திக்கிட்டே இருக்கும்கிறான். எது சரி?" ஃபாதர் பாவம், சிரித்துவிட்டார். "அம்மா, நான் ஹட்டன் மலைக்காரன். நானும் புத்தகத்துலதான் பாத்தேன்." அடுத்த பூசையில் அவர் நங்கூரத்தைத் தொடவில்லை.

ஒரு தடவை என்னை இழுத்துக்கொண்டு கண்டிக் குளத்துக்கே போனார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றும் படகில் ஏறி உட்கார்ந்தோம். அவர் வாழ்க்கையில் ஏறிய ஒரே படகு அதுதான். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு உடும்பு நீந்துவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஃபோனும் கையுமாக ஒரே பக்கத்துக்கு ஓடினார்கள். படகு அந்தப் பக்கம் அப்படியே சரிந்தது. படகோட்டி சிங்களத்தில் நடுவுக்கு வாங்க, நடுவுக்கு வாங்க என்று கத்தினார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. இறங்கியதும் படகோட்டியிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயர் என்ன பெயர், சரிந்தது, அவ்வளவுதான் என்றார் அவர். அக்காவுக்கு அது போதவில்லை.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று நான் கேட்டதில்லை. அவராகத்தான் ஒரு மழை நாளில், வாழையிலையை அனலில் வாட்டிக்கொண்டே சொன்னார். அவர் புருஷனை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். மகன் அப்போது கைக்குழந்தை. டொக்டர் பார்த்துவிட்டு, ஒப்சர்வேஷனில் வைக்க வேண்டும், விளங்குதா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது ஒப்பரேஷன். நெஞ்சை அறுக்கப் போகிறார்கள் என்று இரண்டு பேரும் நடுங்கிப்போனார்கள். பயத்தை யாரிடமும் சொல்லாமல், எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரம் முடியவில்லை, மனுஷர் போய்விட்டார். சும்மா படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்பதுதான் டொக்டர் சொன்னது என்று அக்காவுக்குச் செத்த வீட்டில் வைத்துத்தான் தெரியவந்தது.

"தலையாட்டுனேன் பாரு. 'அப்புடின்னா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரு இருந்திருப்பாரு. வெக்கம். தெரியலன்னு சொல்ல வெக்கம். அந்த வெக்கத்த அன்னைக்கே அவரோட சேத்துப் பொதச்சுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் கேட்ட எந்தச் சொல்லுக்கும் நான் முகம் சுளித்ததில்லை.

மகன் போய் ஒரு வருஷம் நெருங்கும் சமயம். ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்துக்கு வெளியே அவன் கப்பல் நாட்கணக்காக நின்றுகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் வொய்ஸ் வந்தது. நான் போட்டுக் காட்டினேன்.

"அம்மா, சாப்புட்டீங்களா? நான் நல்லா இருக்கேன். கப்பல்ல கொஞ்சம் லிஸ்ட் இருக்கு. அதுனால ஏங்கர்லயே நிக்கிறோம். பயப்புட ஒண்ணுமில்ல."

நான் துள்ளிக் குதித்தேன். "அக்கா! லிஸ்ட் வந்திருச்சு! வீட்டுக்கு அனுப்புறவங்க பேர் லிஸ்ட்! ஒங்க மகன் வரப் போறான்!" எங்கள் பக்கத்தில் லிஸ்ட் என்றால் வேறு என்ன? வீடு கொடுப்பதற்கு லிஸ்ட், சலுகை கொடுப்பதற்கு லிஸ்ட், ஸ்கூலில் இடம் கிடைப்பதற்கு லிஸ்ட். பெயர் வந்துவிட்டால் யோகம். என் சத்தத்தைக் கேட்டு முன்வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். எப்போது வருகிறான், என்ன கொண்டுவருகிறான் என்று வாசல் முழுக்க ஒரே கலகலப்பு.

அக்கா மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தரம் போடு."

போட்டேன்.

"லிஸ்ட் வந்திருக்குன்னு சொல்லலியே தங்கச்சி. இருக்குங்கிறான். கொஞ்சம் இருக்குங்கிறான். பேர் லிஸ்ட் கொஞ்சம் இருக்குமா? இருந்தா முழுசால்ல இருக்கும்?"

"ஐயோ அக்கா, பேச்சு வாக்குல சொல்லியிருப்பான்."

"பேரு வந்ததுக்கு எவனாவது பயப்புட ஒண்ணுமில்லன்னு சொல்லுவானா?"

அப்போதே கிளம்பி இரண்டு பேரும் மீன் கடைக்குப் போனோம். நானா தோரா மீன் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொல்லைச் சொன்னதும் கத்தியை நிறுத்தாமலே தன் பேருவளைத் தமிழில் பதில் சொன்னார்.

"லிஸ்டா? கப்பல் ஒரு பக்கம் சாஞ்சி ஈக்கிறதுக்குத்தான் அப்பிடி சொல்லிய."

"சாஞ்சா? எதுக்கு நானா சாயும்?"

"சாமான் ஒரு பக்கம் நகந்தா சாயும். இல்லாட்டி அடியால தண்ணி வந்தா..." என்று சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். உருகிய தண்ணீர் மறுபக்கம் ஓடியது. மீன்களும் வழுக்கிக்கொண்டு அதே பக்கம் போய்க் குவிந்தன. "இந்தா இப்பிடி. ஒரு பக்கம் தண்ணி சேந்தா எல்லாம் அங்கதான் ஓடும். பொறவு இன்னும் சாயும்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "அல்லாஹ்வே! ஏன் தங்கச்சி? மகன்ட கப்பலா?"

அக்கா பெட்டியில் ஒரு மூலையில் குவிந்து கிடந்த மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கருவாடு வாங்காமல் திரும்பினோம்.

அங்கிருந்து நேரே டவுனுக்கு, ஏஜென்சிக்கு. அங்கே இருந்த தம்பி மரியாதையானவன்தான். கதிரை போட்டு உட்காரவைத்தான். கப்பல்ல லிஸ்ட் இருக்குன்னு மகன் சொன்னான் என்று அக்கா சொன்னதும் கொம்பியூட்டரில் தேடினான். மேசை லாச்சியைத் திறந்து தேடினான். "இல்லியே அம்மா, எங்களுக்கு அப்புடி லிஸ்ட் ஒண்ணும் வரலியே" என்றான். அவனும் சொல்லைத் தப்பாகப் பிடித்ததை அக்கா சொல்லிக்காட்டவில்லை. "கப்பல் சாஞ்சிருக்காம் தம்பி, கேட்டுச் சொல்லுங்க" என்றார். அவன் முகம் மாறியது. உள்ளே போய் யாரிடமோ ஃபோனில் பேசிவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதாம், சின்ன ரிப்பேராம் என்றான். அவனுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டு ஹோலில் உட்கார்ந்து மகனுக்குக் கோல் எடுத்தோம். இரண்டு தரம் அறுந்து மூன்றாம் தரம் கிடைத்தது.

"லிஸ்ட் இருக்குன்னு சொன்னியேப்பா. அப்புடின்னா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அதும்மா... பேர் லிஸ்ட். வீட்டுக்குப் போறவங்க பேரப் போடுறது. என் பேரும் வரும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

ஃபோனில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கோல் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"போர்ட் பக்கமா, ஸ்டார்போர்ட் பக்கமா?"

"போர்ட்" என்றான். அவ்வளவுதான். முப்பது வயது ஆண்பிள்ளை, ஃபோனில் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். அக்கா அழவிட்டார். அடுப்பில் உலை கொதிக்கக் காத்திருப்பவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார். தேம்பல் குறைந்ததும் கேட்டார்.

"நின்ன அளவுல நிக்குதா, கூடுதா?"

"கூடுதும்மா. நேத்து மேசையில கோப்பைய வச்சா நின்னுச்சு. இன்னைக்கு நிக்கல."

"பம்பு?"

"ஓடுது. தண்ணி எதுக்குள்ளாற வருதுன்னுதான் கண்டுபுடிக்க முடியல."

"எறங்க வழி இருக்கா?"

"நாளைக்கு சாமான் குடுக்க ஒரு போட் வரும். போறவங்க போகலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு. ஆனா போனா இனிமே எந்தக் கப்பலுக்கும் எடுக்க மாட்டாங்கம்மா. இந்தப் பயணம் முடிஞ்சதும் என்ன குக்கா போடுறோம்னு சொல்லியிருக்காங்க. பாதியில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"இருக்குற மூஞ்சிய வச்சுக்கிட்டு வா. அதத்தான் நான் பாக்கணும்."

"மத்தவங்க யாரும் எறங்கலம்மா."

"மத்தவங்களுக்கு அவங்க அவங்க அம்மா சொல்லட்டும். ஒனக்கு நான் சொல்றேன். எறங்கு."

இறங்கினான். தனியாக அவன் ஒருவன்தான் இறங்கினான். சில வாரம் எங்கெங்கோ அலைந்து, கறுத்து மெலிந்து, ஒரு பையோடு எங்கள் படிகளில் ஏறி வந்தான். அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு குசினிக்குள்ளே போய்விட்டார். அங்கே அவர் அழுதது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

கதை இத்தோடு நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தக் கப்பல் மூழ்கவில்லை. எங்கேயோ ஒரு குழாய் இற்றுப்போயிருந்ததாம். கண்டுபிடித்து, ஒட்டுப்போட்டு, தண்ணீரை இறைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. கூட இருந்த பையன் ஒருவன் குக் ஆகிவிட்டான், வெள்ளைத் தொப்பியோடு ஃபோட்டோ அனுப்பினான். ஏஜென்சியில் இவனுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வாடகைக்கு ஒரு த்ரீவீல் எடுத்து குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் ஓட்ட ஆரம்பித்தான்.

அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். வருவான், சாப்பிடுவான், போவான். என்னிடம் மட்டும் ஒருநாள் வெடித்தான். "ஒரு சொல்லப் புடிச்சுக்கிட்டு என் வாழ்க்கையவே கெடுத்துட்டாங்க சித்தி." அவன் முகத்தைப் பார்த்தால் அவன் பக்கம் நியாயம் இருப்பதாகப்படும். சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகத் தேங்காய் துருவும் சத்தத்தைக் கேட்டால் அக்கா பக்கம் நியாயம் என்று தோன்றும்.

முன்வீட்டுக்காரம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. எல்லோரும் பைப்படியில் நிற்கும்போது கேட்டுவிட்டார். "என்னாக்கா, அந்தக் கப்பல் மூழ்கவே இல்லியாமே?" மூழ்காமல் போனது ஏதோ அக்காவின் பிழை போல இருந்தது அந்தக் கேள்வி. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த வாளியை வீசியிருப்பேன்.

அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "மூழ்கக் கூடாதுன்னுதான் நானும் தெனம் மெழுகுதிரி கொளுத்துனேன். அதுல இன்னும் புள்ளைங்க இருந்துச்சுங்களே." சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போய் இப்போது சில வருஷமாகிவிட்டது. நோய் வந்து படுத்தபோது மகன்தான் பார்த்துக்கொண்டான், குறை சொல்ல முடியாது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது. கடைசி நாட்களில் டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அவனே அருகில் நின்று அர்த்தம் கேட்டுச் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் கட்டுகஸ்தோட்டைக்கு வீடு மாறிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் டவுனில் நனைந்துகொண்டு நின்றபோது ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அவன்தான். "ஏறுங்க சித்தி" என்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், கலியாணமாகி ஒரு பெண் குழந்தை. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும் மழை விடவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அவனாகவே ஆரம்பித்தான்.

"அந்தக் கப்பல்ல இருந்து நாங்க எல்லாரும் வீட்டுக்குப் பேசுவோம் சித்தி. எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவோம். லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு நடையில ஒக்காந்துக்கிட்டுத்தான் அப்புடிச் சொல்லுவோம். எனக்கு யாருக்கிட்டயாவது நெசத்தச் சொல்லணும்போல இருந்துச்சு. சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. அதான் அந்தச் சொல்லப் போட்டு அனுப்புனேன். மத்தச் சொல்லுன்னா கேப்பாங்க. லிஸ்ட்டுன்னா தெரிஞ்ச சொல்லுதானே, கேக்காம வுட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் அவன் இதை எப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தானோ.

"இத அம்மாகிட்ட சொன்னியாடா?"

"சொன்னேன் சித்தி. படுத்திருந்தப்ப சொன்னேன். 'ஒங்களுக்கு வெளங்கக் கூடாதுன்னு நெனச்சுத்தாம்மா அப்புடிச் சொன்னேன்'னு."

"என்னா சொன்னாங்க?"

அவன் வைப்பரை நிறுத்தினான். கண்ணாடியில் மழை வழிந்தது.

"'அதுவும் வெளங்குச்சுடா'ன்னாங்க."